பூட்டு, சாவிக் கடைக்கு இரகசியக் காப்பு ஒப்பந்தம்: எழுதுவது முதல் கையெழுத்து வாங்குவது வரை

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கமோ தங்கும் விடுதியோ மொத்தமாகப் பூட்டு வேலையை ஒப்படைக்கும் முன், "உங்கள் ஆட்களிடம் இரகசியக் காப்பு ஒப்பந்தம் வாங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்பதுண்டு. எங்கள் கடையிடம் அப்படிக் கேட்கப்பட்டபோது, கையில் கிடைத்த மாதிரிகள் அனைத்தும் மென்பொருள் நிறுவனங்களுக்காக எழுதப்பட்டவையாக இருந்தன. பக்கம் பக்கமாக வணிக உத்தி பற்றிப் பேசிய அவற்றில் சாவி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இணையத்தில் கிடைத்த ஒன்றில், வழக்குத் தொடர வேண்டிய இடமாக அமெரிக்க மாநிலம் ஒன்றின் பெயர் அச்சாகியிருந்தது. தமிழ்நாட்டில் ஒன்றிரண்டு ஆட்களை வைத்துப் பூட்டு, சாவிக் கடை நடத்துபவர் இந்த அலைச்சல் இல்லாமல் வேலையை முடிக்க வேண்டும் என்பதற்காக, நான் கடந்த வழியை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. காக்க வேண்டியவற்றை முதலில் பட்டியலிடுங்கள்

வழக்கறிஞரிடம் செல்லும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. உங்களைத் தவிர வேறு யாராலும் இதைச் செய்ய முடியாது. "கடையின் எல்லாத் தகவல்களும் இரகசியம்" என்று எழுதினால், நாளை நீதிமன்றத்தில் எது இரகசியம் என்று உங்களாலேயே சுட்டிக்காட்ட முடியாமல் போகும். ஆகவே கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, எந்தெந்தத் தாளிலும் கைப்பேசியிலும் கணினியிலும் பிறர் வீட்டுக் கதவு இருக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் பழைய நோட்டில் ஒரு வரி இப்படி இருந்தது: "3ஏ, வாசல் கதவு, 4-2-5-1-3". அந்த ஐந்து இலக்கங்கள் சிலிண்டர் பூட்டுச் சாவியின் ஐந்து வெட்டுகளுடைய ஆழங்கள். அவற்றை மட்டும் படித்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. கதவு எண்ணோடு சேர்ந்துவிட்டால், சாவி வெட்டும் மெஷின் உள்ள எவரும் அசல் சாவியைக் கண்ணால் பார்க்காமலேயே மாற்றுச்சாவி செய்துவிடலாம். நோட்டின் அதே பக்கத்தில் குடியிருப்பின் பெயரும் இருந்தது. தொழிலில் காக்க வேண்டியது பெரும்பாலும் இந்தச் சேர்க்கைதான்: எண்ணும் முகவரியும் ஓரிடத்தில் இருப்பது.

பட்டியலில் கட்டாயம் இடம்பெற வேண்டியவை: சாவித் தலையில் பொறித்த எண்கள், வெட்டு ஆழக் குறிப்புகள், எந்தச் சாவி எந்தக் கதவையெல்லாம் திறக்கும் என்று காட்டும் மாஸ்டர் சாவி அட்டவணை, டிஜிட்டல் பூட்டுகளின் நிர்வாகக் கடவு எண், கார் சாவிக்கு சிப் புரோகிராம் செய்யும்போது கிடைக்கும் பின் எண்ணும் சேசிஸ் எண்ணும், வாடிக்கையாளரின் அடையாள அட்டை நகல், வீட்டில் ஆள் இல்லாத நாள்கள் பற்றிப் பேச்சோடு பேச்சாகத் தெரியவரும் செய்திகள். இவற்றோடு சாவியின் புகைப்படங்களையும் தனியே குறிப்பிடுங்கள். "இந்த மாதிரிச் சாவி இருக்கிறதா?" என்று வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவது நம் தொழிலில் சாதாரணமாகிவிட்டது, தெளிவான படத்தைப் பார்த்தே சாவி வெட்டத் தெரிந்தவர்களும் அதே குழுவில்தான் இருக்கிறார்கள்.

2. யாருடன் எந்த ஒப்பந்தம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரே தாளை எல்லோரிடமும் நீட்ட முடியாது. நிரந்தர வேலையாளுடன் செய்வது ஒருவகை. கார் சாவி புரோகிராம் செய்யவோ பெட்டகம் திறக்கவோ அவ்வப்போது அழைக்கும் வெளியாளுடன் செய்வது இன்னொரு வகை. குடியிருப்புச் சங்கம், விடுதி போன்ற நிறுவன வாடிக்கையாளருடன் செய்வது மூன்றாவது வகை. முதல் இரண்டிலும் நீங்கள் தகவலைக் கொடுப்பவர், மூன்றாவதில் பெறுபவர்.

கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே நிற்கும் தனி வாடிக்கையாளரிடம் ஒப்பந்தம் எழுத வேண்டியதில்லை. அவருக்கு வேலைச் சீட்டு போதும்: பெயர், இடம், பார்த்த அடையாள ஆவணத்தின் வகை, வாகனமானால் ஆர்.சி. விவரம், கையொப்பம், "இந்த விவரங்களும் சாவி எண்ணும் இந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்தப்படும்" என்ற ஒரு வரி. அடையாள அட்டையைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். நகல் வாங்கிச் சேர்த்து வைப்பது, பிறகு நீங்கள் காக்க வேண்டிய சுமையைக் கூட்டும்.

வேலை பழகும் பதினெட்டு வயது நிரம்பாத பையனிடம் கையெழுத்து வாங்குவதால் பயனில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி அவருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதியே இல்லை. அப்படிப்பட்டவர் கைக்கு மாஸ்டர் அட்டவணையோ குறிப்பு நோட்டோ போகாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி.

3. ஆவணங்களைத் திரட்டுங்கள்

வேலையாளிடமிருந்து தேவைப்படுபவை: முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகல், தற்போதைய முகவரிக்கும் சொந்த ஊர் முகவரிக்கும் சான்று, புகைப்படம், வேலைக்குச் சேர்ந்த நாளைக் காட்டும் நியமனக் கடிதம். நியமனக் கடிதம் இல்லாத கடைகளே அதிகம். அதை முதலில் எழுதிக் கொடுங்கள், ஏனெனில் ஒப்பந்தம் அதைச் சுட்டித்தான் நிற்கும். உங்கள் தரப்பில் கடையின் பெயர், உரிமையாளர் பெயர், கூட்டாண்மையானால் பங்குதாரர் பத்திரத்தின் நகல் ஆகியவை வேண்டும். தனியுரிமைக் கடையானால் ஒப்பந்தத் தரப்பினராகக் கடையின் பெயரை மட்டும் எழுதாமல், "இன்ன பெயரில் கடை நடத்தும் இன்னார்" என்று உரிமையாளர் பெயரோடு எழுத வேண்டும்.

மாஸ்டர் சாவி கையாளப்போகும் ஆளானால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. அந்த அறிக்கை வரும்வரை ஒப்பந்தத்தைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம்.

அசல் கல்விச் சான்றிதழையோ அசல் ஆதாரையோ பிணையாக வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். கையெழுத்து விருப்பத்தோடு போடப்படவில்லை என்று அவர் பின்னால் வாதிடுவதற்கு நீங்களே ஆதாரம் தயாரித்துக் கொடுத்ததாகும்.

4. உட்பிரிவுகளை எழுதுங்கள்

மொழி எளிய தமிழாக இருக்கட்டும். ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. வெளிமாநிலத் தொழிலாளியானால் அவர் படிக்கும் மொழியில் ஒரு படி சேர்த்துக் கொடுங்கள். முக்கியமான உட்பிரிவை நாங்கள் இப்படி எழுதினோம்:

"இணைப்பு 'அ'வில் பட்டியலிடப்பட்ட தகவல்களையும், அவற்றின் நகல், புகைப்படம், அச்சு ஆகியவற்றையும், கடை ஒப்படைத்த வேலையைச் செய்வதற்காக அன்றி வேறு எதற்காகவும் பயன்படுத்தவோ, எடுத்துச்செல்லவோ, தனது கைப்பேசியில் வைத்திருக்கவோ, பிறருக்குத் தெரிவிக்கவோ மாட்டேன்."

முதல் படியில் தயாரித்த பட்டியல்தான் அந்த இணைப்பு 'அ'. புதுவகைப் பூட்டு கடைக்கு வரும்போது இணைப்பை மட்டும் திருத்தி, தேதியிட்டு இருவரும் கையொப்பமிட்டால் போதும்.

காலவரம்புதான் எல்லோரும் தடுமாறும் இடம். மாதிரிகளில் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று ஏதோ ஓர் எண் இருக்கும். பூட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு வீட்டின் பூட்டு பதினைந்து ஆண்டுகள் மாற்றப்படாமல் இருக்கலாம்; அதுவரை அதன் எண் இரகசியம்தான். மறுநாளே சிலிண்டரை மாற்றிவிட்டால் பழைய எண்ணைக் காப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஆகவே காலத்தை ஆண்டுகளோடு கட்டாமல், "குறிப்பிட்ட பூட்டு மாற்றப்படும்வரை அல்லது அதன் பின்கள் மாற்றியமைக்கப்படும்வரை" என்று பூட்டோடு கட்டுங்கள். (சாவியின் வெட்டுகளோடு பொருந்தும்படி சிலிண்டருக்குள் இருக்கும் சிறு ஊசிகளே பின்கள்.) எங்களுக்கு எழுதிக்கொடுத்த வழக்கறிஞர் முதலில் தயங்கினார். காரணத்தை விளக்கியதும், வாடிக்கையாளரின் தனிப்பட்ட விவரங்களுக்கு மட்டும் தனியே ஓர் ஆண்டுக் கணக்கு வைத்து, இதை ஏற்றுக்கொண்டார்.

விதிவிலக்கு ஒன்றைத் தவறாமல் சேர்க்க வேண்டும். நீதிமன்ற உத்தரவுக்கும், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின்கீழ் காவல்துறை கேட்கும் ஆவணங்களுக்கும், குற்றம் பற்றிப் புகார் செய்வதற்கும் இந்த ஒப்பந்தம் தடையாகாது என்று எழுதுங்கள். "காவல்துறை உட்பட யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வரியை நான் ஒரு மாதிரியில் கண்டேன். திருட்டு விசாரணையில் அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. குற்றத்தை மறைக்க ஏற்பாடு செய்தவர் போலக் காட்டும். சட்டவிரோத நோக்கமுள்ள உடன்படிக்கை செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் சொல்கிறது.

கைம்மாறு எதுவும் இல்லாத உடன்படிக்கை பொதுவாகச் செல்லாது என்பதால், பல ஆண்டுகளாக வேலை செய்துவரும் ஆளிடம் திடீரென்று கையெழுத்துக் கேட்கும்போது, அதற்கு ஈடாக நீங்கள் தருவது என்ன என்பதையும் எழுதிவிடுங்கள்: மாஸ்டர் சாவி வேலைக்கான பயிற்சியாக இருக்கலாம், சிறு ஊதிய உயர்வாக இருக்கலாம். புதிதாகச் சேர்பவருக்கு வேலை கொடுப்பதே கைம்மாறாகிவிடும்.

இழப்பீட்டுத் தொகையைப் பொறுத்தவரை, மிரட்டுவதற்காக ஐம்பது இலட்சம் என்று எழுதுவதில் பொருளில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, எழுதப்பட்ட தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான ஈட்டைத்தான் நீதிமன்றம் வழங்கும். ஒரு குடியிருப்பின் எல்லாச் சிலிண்டர்களையும் மாற்ற ஆகும் செலவைக் கணக்கிட்டு, அதையொட்டிய தொகையை எழுதினால், அந்தத் தொகைக்கு உங்களிடம் விளக்கம் இருக்கும்.

5. எழுதக் கூடாததை எழுதாதீர்கள்

"வேலையை விட்ட பின் மூன்று ஆண்டுகளுக்கு இந்த ஊரில் பூட்டுக்கடை வைக்கக் கூடாது" என்ற நிபந்தனையைச் சேர்க்கும்படி நண்பர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை அந்த அளவுக்குச் செல்லாது என்று கூறுகிறது. வேலையில் இருக்கும் காலத்தில் வேறு இடத்தில் அதே வேலையைச் செய்யக் கூடாது என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 1967ஆம் ஆண்டின் நிரஞ்சன் சங்கர் கோலிகரி வழக்கில் ஏற்றுக்கொண்டது. வேலையை விட்ட பிறகும் நீளும் தடைக்கு அந்த ஆதரவு கிடைப்பதில்லை.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? உங்களிடம் அரம் பிடிக்கக் கற்றவர், லீவர் பூட்டைத் திறக்கும் கைநுணுக்கத்தை உங்களிடமே பழகியவர், எதிர்த்தெருவில் கடை போட்டால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தக் கைத்திறன் அவருடையது. உங்கள் நோட்டில் உள்ள எண்களையும் மாஸ்டர் அட்டவணையையும் அவர் கொண்டுபோக முடியாது என்பதை மட்டுமே ஒப்பந்தம் காக்கும். இதைக் கசப்பாக எடுத்துக்கொள்ளும் கடைக்காரர்களை நான் அறிவேன். என் பார்வையில் இது நியாயமான ஏற்பாடு, ஏனெனில் நாமும் யாரோ ஒருவரின் கடையில் பழகித்தான் வந்தோம்.

மீறினால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம் என்றும் எழுதாதீர்கள். சம்பளத்தில் எவற்றைப் பிடிக்கலாம் என்பதை ஊதியச் சட்டத்தொகுப்பே வரையறுத்துள்ளது. நம் விருப்பத்துக்குப் புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது.

6. முத்திரைத்தாளும் செலவும்

தமிழ்நாட்டில் பொதுவான உடன்படிக்கைகளுக்கு முன்பு 20 ரூபாயாக இருந்த முத்திரைத் தீர்வை 2024 முதல் 200 ரூபாயாகிவிட்டது. பழைய கட்டுரைகளை நம்பி 20 ரூபாய்த் தாளில் அச்சடித்துவிடாதீர்கள். குறைவான தீர்வையுள்ள ஆவணத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பிறகு குறைபாட்டுத் தொகையோடு, அதைப்போல் பத்து மடங்குவரை தண்டத்தொகையும் கட்டித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

தாளை ஒப்பந்தத் தரப்பினர் ஒருவரின் பெயரில் வாங்குங்கள். உரிமம் பெற்ற முத்திரைத்தாள் விற்பனையாளரிடம் வாங்கலாம். இ-ஸ்டாம்ப் மையத்திலும் பெறலாம். கையொப்பமிடும் தேதி, தாள் வாங்கிய தேதிக்கு முந்தையதாக இருக்கக் கூடாது. ஆறு மாதமாகிவிட்ட தாள் செல்லாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்த ஆறு மாதம், பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கான காலம். தாளின் ஆயுள் அன்று. உச்ச நீதிமன்றம் 2008இல் திருவேங்கடம் பிள்ளை எதிர் நவநீதம்மாள் என்ற வழக்கில் இதைத் தெளிவாக்கியிருக்கிறது.

இரண்டு மூலப்படிகள் எடுத்தால் இரண்டாவதற்கும் தனியே தீர்வை உண்டு. செலவைக் குறைக்க, மூலப்படி ஒன்றை மட்டும் முத்திரைத்தாளில் எடுத்து, மற்றவருக்கு ஒளிநகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக மூலத்தின் கடைசிப் பக்கத்திலேயே கையொப்பம் வாங்கலாம்.

வழக்கறிஞர் கட்டணம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியே எழுதச் சொல்லாமல், வேலையாளுக்கு ஒன்று, வெளியாளுக்கு ஒன்று என்று இரண்டு மாதிரிகளை மட்டும் எழுதித் தரும்படி ஒரே கட்டணம் பேசுங்கள். பிறகு பெயரையும் இணைப்பையும் மாற்றி நீங்களே பயன்படுத்தலாம். உங்கள் பட்டியலோடு போனால் அவருடைய வேலை பாதியாகக் குறையும். நோட்டரி சான்றும் பதிவும் கட்டாயமில்லை. நிறுவன வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் நோட்டரியிடம் செல்லலாம்.

7. கையொப்பமிடும் நாள்

தாளை நீட்டி உடனே கையெழுத்துக் கேட்காமல், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து வரும்படி முன்னதாகவே ஒரு நகல் கொடுங்கள். எல்லாப் பக்கங்களிலும், இணைப்பிலும் கையொப்பம் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவரானால், முழுவதையும் உரக்கப் படித்துக்காட்டி, "படித்துக்காட்டப்பட்டது, புரிந்துகொண்டேன்" என்ற வரியின்கீழ்ப் பெருவிரல் ரேகை வாங்கி, படித்துக்காட்டியவரையே ஒரு சாட்சியாக்குங்கள். சாட்சிகள் இருவர் போதும். இருவரும் உங்கள் குடும்பத்தாராக இருப்பதைத் தவிர்க்கலாம்.

8. வாடிக்கையாளர் நீட்டும் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

விடுதியோ சங்கமோ தங்கள் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தால் மூன்று இடங்களை மட்டும் நிதானமாகப் பாருங்கள். முதலாவது, இழப்பீட்டுக்கு வரம்பு இருக்கிறதா என்பது. "ஏற்படும் எல்லா இழப்புக்கும்" என்ற சொற்கள் இருந்தால், அவர்களின் காவலாளி அலட்சியமாக இருந்து நடந்த திருட்டும் உங்கள் தலையில் விடியும். வேலைக் கட்டணத்தோடு ஒப்பிட்டு ஓர் உச்சவரம்பு கேளுங்கள். இரண்டாவது, மாஸ்டர் அட்டவணையின் படிகள் யார் யாரிடம் இருக்கின்றன என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்பது. சங்கத்தின் செயலாளர் மாறும்போதெல்லாம் அட்டவணையின் நகல் பெருகும், கசிவுக்குப் பொறுப்பு மட்டும் உங்கள் பெயரில் நிற்கும். மூன்றாவது, வேலை முடிந்தபின் அட்டவணையைத் திருப்பித் தர வேண்டுமா, அழிக்க வேண்டுமா, பழுது பார்ப்பதற்காக நீங்களே வைத்திருக்கலாமா என்பது. திருப்பித் தருவதே நமக்குப் பாதுகாப்பு. தரும்போது பெற்றுக்கொண்டவரின் கையொப்பமும் தேதியும் வாங்காமல் தராதீர்கள்.

வாடிக்கையாளர் விவரங்களைக் கணினியிலோ கைப்பேசியிலோ வைத்திருக்கும் கடைகள், 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி அதன் முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதங்களுக்குப் பின், அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. பெரிய வாடிக்கையாளர்கள் அதற்கு முன்பே தங்கள் ஒப்பந்தங்களில் இதைச் சேர்ப்பார்கள்.

9. ஆள் வேலையை விட்டுப் போகும்போது

போகும் நாளில் ஓர் ஒப்படைப்புச் சீட்டு எழுதுங்கள்: மாஸ்டர் சாவிகள், குறிப்பு நோட்டு, மெமரி கார்டு, கடைக் கணக்கில் உள்ள சாவி புரோகிராம் செய்யும் கருவி ஆகியவை திரும்பி வந்தனவா என்று ஒவ்வொன்றாகக் குறித்து இருவரும் கையொப்பமிட வேண்டும். வாட்ஸ்அப்பில் உள்ள சாவிப் படங்களை அவர் உங்கள் முன்னிலையில் நீக்கட்டும். டிஜிட்டல் பூட்டுகளின் நிர்வாக எண்ணை அன்றே மாற்றுங்கள், மறுநாள் என்று வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, விலகியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலைநாள்களுக்குள் கொடுத்தாக வேண்டும். சாவி வரவில்லை என்று சம்பளத்தை நிறுத்தி வைப்பது உங்கள் பக்கத்தைப் பலவீனமாக்கும்.

10. மீறல் தெரியவந்தால்

வழக்கறிஞரைப் பார்க்கும் முன், பாதிக்கப்படக்கூடிய வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்லி, பூட்டின் பின்களை மாற்றுங்கள். அந்தச் செலவுக்கான ரசீதுதான் பின்னால் நீங்கள் கேட்கும் இழப்பீட்டுக்கு முதல் ஆதாரம். அடுத்து, வாட்ஸ்அப் செய்தி போன்றவை இருக்கும் கைப்பேசியை அப்படியே பத்திரப்படுத்துங்கள். திரைப்பிடிப்பை அச்சடித்து மட்டும் கொடுத்தால் போதாது, மின்னணுச் சான்றுக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63ஆம் பிரிவின்கீழ் ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும்.

மாஸ்டர் சாவியையே கையாடியிருந்தால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின்கீழ் நம்பிக்கை மோசடிக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தத்தை மீறி வாடிக்கையாளரின் தனிப்பட்ட விவரத்தைத் தீய நோக்கத்தோடு வெளியிட்டிருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு மூன்று ஆண்டுகள்வரை சிறைத்தண்டனைக்கு இடம் தருகிறது. கையெழுத்தான ஒப்பந்தம் கையில் இருப்பது இங்கே பெரிதும் உதவும். எண்கள் மட்டும் கசிந்திருந்தால், மேலும் பரவாமல் தடுக்க உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்பதே வழி. அதற்கு முன் வழக்கறிஞர் அறிவிப்பை ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில், ஒப்பந்தத்தில் உள்ள இரு முகவரிகளுக்கும் அனுப்புங்கள்.

ஒப்பந்த மீறலுக்கான இழப்பீட்டு வழக்கை, மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். எனவே ஆள் போய்விட்டார் என்பதற்காக மூலப்படியைக் கிழித்துவிடாமல், ஒப்படைப்புச் சீட்டோடு சேர்த்து, அவர் கையாண்ட கடைசிப் பூட்டும் மாற்றப்பட்டு மூன்று ஆண்டுகள் கழியும்வரை கோப்பில் வைத்திருங்கள்.